செயலியின் உரையாடல் பெட்டியில் எழுத்து தெரியாதபோது: நிறக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

செயலியின் மற்றத் திரைகளெல்லாம் ஒழுங்காக இருக்க, எச்சரிக்கை காட்டும் பெட்டியிலோ உறுதி கேட்கும் பெட்டியிலோ மட்டும் எழுத்து மறைந்துபோவது, செயலி உருவாக்குபவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கோளாறு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கரும்சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து, 'சரி', 'ரத்து' ஆகிய பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாத நிலை எனப் பல வடிவங்களில் அது வரும். எதை அழிக்கப்போகிறோம், எதற்குப் பணம் செலுத்தப்போகிறோம் என்பதைப் பயனரிடம் கேட்கும் இடமே இந்தப் பெட்டிதான் என்பதால், இதைச் சிறு அழகுக் குறையாகக் கருதி ஒத்திவைப்பது சரியல்ல.

கோளாறின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். பெட்டியின் பின்னணி நிறம் ஓரிடத்திலிருந்தும், அதன் மேல் எழுதப்படும் எழுத்தின் நிறம் வேறோர் இடத்திலிருந்தும் வருகின்றன. இரண்டில் ஒன்று மாறியதும் மற்றது மாறாமல் நின்றுவிடுகிறது. எனவே "எழுத்துக்கு என்ன நிறம் கொடுக்கலாம்" என்று தொடங்காமல், "பின்னணி எங்கிருந்து வந்தது, எழுத்து எங்கிருந்து வந்தது" என்று இரண்டு பக்கமும் கேட்டுத் தொடங்க வேண்டும். எழுத்தின் நிறத்தை மட்டும் நிரலில் கறுப்பு என்று எழுதிவிட்டால் இன்றைய புகார் தீரும். டார்க் மோடு பயன்படுத்துபவரின் புகார் மறுநாள் வரும்.

கோளாறு நிறத்தில்தானா என்று உறுதிசெய்தல்

எழுத்து தெரியவில்லை என்றால் அது அங்கே இல்லாமலும் இருக்கலாம். சேவையகத்திலிருந்து வர வேண்டிய செய்தி வெறுமையாக வந்திருக்கலாம். பெட்டியின் உயரம் போதாமல் வரி வெட்டுப்பட்டிருக்கலாம். இதைப் பிரித்தறிய எளிய வழி திரை வாசிப்பானை இயக்குவது. ஆண்ட்ராய்டில் டாக்பேக்கையும் ஐஃபோனில் வாய்ஸ்ஓவரையும் இயக்கிவிட்டுப் பெட்டியின் மேல் விரலை நகர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் அவை வாசித்துக் காட்டும். வாசித்தால் எழுத்து இருக்கிறது, நிறம்தான் கெட்டிருக்கிறது என்று பொருள். வாசிக்கவில்லையென்றால், நிறத்தைத் தொடுவதற்கு முன் தரவையும் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே டார்க் மோடை மாற்றிப் பார்க்க வேண்டும். கிடைக்கும் விடை தேடலின் பரப்பைப் பெரிதும் குறுக்கிவிடும். இரண்டு பயன்முறைகளிலும் எழுத்து மறைந்தால், யாரோ தீமில் (செயலியின் நிறங்களையும் தோற்றத்தையும் ஒருசேர வரையறுக்கும் தொகுப்பில்) ஒரு நிறத்தை எல்லாவற்றுக்குமாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு பயன்முறையில் மட்டும் மறைந்தால், ஒரு பக்கம் தீமைப் பின்பற்றுகிறது, மறுபக்கம் நிலையான நிறமாக எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பும் செய்தியும் நன்றாக இருந்து பொத்தான்கள் மட்டும் மறைந்தால், செயலியின் முதன்மை நிறத்தையோ அழுத்த நிறத்தையோ சந்தேகிக்க வேண்டும். பெட்டிக்குள் நாமே வரைந்த பகுதி மட்டும் மறைந்தால், அந்தப் பகுதி வேறொரு தீமின்கீழ் உருவாக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு நிறுவனத்தின் கைபேசிகளில் மட்டும் மறைந்தால், அந்தக் கைபேசி செயலியின் நிறங்களைத் தானாகவே இருட்டாக்குகிறது.

கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் அளந்தும் பார்ப்பது நல்லது. வலை அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற கான்ட்ராஸ்ட் விகிதம் (வெளிச்ச வேறுபாட்டின் அளவு) இருக்க வேண்டும். 18 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்துக்கும் 14 புள்ளித் தடித்த எழுத்துக்கும் 3:1 போதும். வெள்ளையின் மேல் கறுப்பு 21:1. அதுவே உச்ச அளவு. வெள்ளையின் மேல் #767676 என்ற சாம்பல் நிறம் 4.54:1 பெற்றுத் தேறுகிறது, அதைவிட ஒரு படி வெளிறிய #777777 மயிரிழையில் தவறுகிறது. டார்க் தீம்களில் பெட்டிகளுக்குப் பரவலாகப் பயன்படும் #424242 பின்னணியில் வெள்ளை எழுத்து 10:1 அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதே பின்னணியில் கறுப்பு எழுத்து ஏறத்தாழ 2:1தான். ஆண்ட்ராய்டில் கூகுளின் அக்சஸிபிலிட்டி ஸ்கேனர் செயலியும், ஆப்பிளின் செயலி உருவாக்கக் கருவியான எக்ஸ்கோடுடன் வரும் அக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டரும் இந்த விகிதத்தை அளக்க உதவும்.

ஆண்ட்ராய்டின் பழைய வியூ முறை

இந்தக் கோளாறு மிக அதிகமாகக் காணப்படுவது, திரையின் ஒவ்வொரு கூறும் ஒரு 'வியூ' ஆக இருக்கும் இந்த முறையில்தான். மிகப் பழகிய காரணத்தை முதலில் பார்ப்போம். செயலியின் மேற்பட்டை அடர்நிறத்தில் இருக்கிறது. அதன் தலைப்பு வெள்ளையாக வேண்டும். அதற்காகச் செயலியின் முதன்மைத் தீமில் 'டெக்ஸ்ட்கலர்பிரைமரி' என்ற பண்புக்கு வெள்ளையைக் கொடுத்துவிடுகிறார்கள். மேற்பட்டை அழகாகிவிடுகிறது. ஆனால் எச்சரிக்கைப் பெட்டியின் தலைப்பும் செய்தியும் அதே பண்பைத்தான் நாடுகின்றன. பெட்டியின் பின்னணியோ 'கலர்பேக்ரவுண்ட்ஃப்ளோட்டிங்' என்ற வேறொரு பண்பிலிருந்து வெள்ளையாக வருகிறது. விளைவு, வெள்ளையில் வெள்ளை. சரியான தீர்வு பெட்டியில் இல்லை, மேற்பட்டையில் இருக்கிறது: முதன்மைத் தீமிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டு, மேற்பட்டைக்கு மட்டும் தனியே ஓர் இருண்ட மேலடுக்குத் தீமை அதன் தீம் பண்பு வழியாகக் கொடுக்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளிலும் புதிய தோற்றத்தைத் தரும் ஆப்கம்பாட் நூலகத்தில் 'தீம்ஓவர்லே' என்று தொடங்கும் பெயர்களோடு இதற்கான மேலடுக்குகள் ஆயத்தமாகவே உள்ளன.

பெட்டிக்கென்று தனித் தீம் எழுதியும் அது பலிக்கவில்லையென்றால், எந்த வகுப்பின் பெட்டியைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு அமைப்போடு வரும் அலெர்ட்டயலாக், 'ஆண்ட்ராய்டு' என்ற முன்னொட்டுள்ள 'அலெர்ட்டயலாக்தீம்' பண்பைப் படிக்கிறது. ஆப்கம்பாட்டின் அலெர்ட்டயலாக் முன்னொட்டில்லாத பண்பைப் படிக்கிறது. கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு நூலகத்தில் பெட்டியைக் கட்டமைக்கும் பில்டரோ 'மெட்டீரியல்அலெர்ட்டயலாக்தீம்' என்ற மூன்றாவது பண்பைத் தேடுகிறது. மூன்றும் ஒரே செயலியில் கலந்து கிடப்பது அரிதல்ல. கோப்பின் தலையில் உள்ள இம்போர்ட் வரியைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். செயலி முழுவதும் ஒரே வகுப்புக்கு மாறிவிடுவது என் பரிந்துரை. மூன்று பண்புகளையும் ஒத்திசைவாகப் பராமரிப்பது வீண் உழைப்பு.

அந்தத் தனித் தீமின் பெற்றோரும் முக்கியம். மேலடுக்குத் தீமைப் பெற்றோராகக் கொண்டால், நாம் எழுதிய பண்புகள் மட்டும் மாறும், மற்றவை செயலியின் தீமிலிருந்தே தொடரும். முழுத் தீம் ஒன்றைப் பெற்றோராக வைத்தால், நாம் எழுதாத நிறங்களெல்லாம் நூலகத்தின் இயல்பு நிறங்களுக்குத் திரும்பிவிடும். பெட்டியின் பொத்தான் மட்டும் செயலியோடு ஒட்டாத ஏதோ ஒரு நிறத்தில் வந்து நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

பெட்டிக்குள் நம்முடைய சொந்த அமைப்பை வைக்கும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. அந்த அமைப்பை ஆக்டிவிட்டியின் (செயலியின் ஒரு திரையின்) இன்ஃப்ளேட்டரைக் (அமைப்புக் கோப்பைத் திரைக் கூறுகளாக்கும் கருவியைக்) கொண்டு உருவாக்கினால், எழுத்துகள் ஆக்டிவிட்டியின் தீமிலிருந்து நிறம் பெறும். பின்னணி பெட்டியின் தீமிலிருந்து வரும். ஆக்டிவிட்டி இருண்ட தீமிலும் பெட்டி வெளிர் தீமிலும் இருந்தால் எழுத்து மறையும். இதற்கு, பில்டரிடமிருந்தே கான்டெக்ஸ்டைக் (எந்தத் தீம் என்பதை அறிந்திருக்கும் சூழல் பொருளைக்) கேட்டு வாங்கி, அதைக் கொண்டு இன்ஃப்ளேட்டரை உருவாக்க வேண்டும். பட்டியலுக்கு வரிகளைத் தரும் அடாப்டருக்கும் இதே விதிதான்: 'சிம்பிள் லிஸ்ட் ஐட்டம்' போன்ற ஆயத்த வரி அமைப்பைப் பயன்படுத்தும் அர்ரேஅடாப்டருக்கு ஆக்டிவிட்டியைக் கொடுக்காமல், பில்டரின் கான்டெக்ஸ்டைக் கொடுத்தால் பட்டியல் வரிகள் தெளிந்துவிடும். அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. ஆக்டிவிட்டிக்கென்று அமைத்த தீம் அதற்குத் தெரியாது. செயலிக்குள்ளேயே டார்க் மோடுக்கு மாற்றும் வசதி வைத்திருந்தால், அந்த மாற்றமும் அதை எட்டாமல் போவதுண்டு. அதனிடம் நிறம் கேட்டால் பழைய பயன்முறையின் நிறத்தையே தரும்.

பொத்தான்களின் கதை தனி. ஆப்கம்பாட்டில் பெட்டியின் பொத்தான் எழுத்து 'கலர்ஆக்சென்ட்' நிறத்தையும், மெட்டீரியல் நூலகத்தில் 'கலர்பிரைமரி' நிறத்தையும் எடுத்துக்கொள்கிறது. நிறுவனத்தின் சின்னத்துக்குப் பொருந்த அடர்நீலத்தை முதன்மை நிறமாக வைத்த செயலி, வெளிர் பயன்முறையில் கண்ணியமாகத் தோன்றும். டார்க் மோடில் அதே அடர்நீலம் கரும்சாம்பலோடு கலந்துவிடும். இரவு மதிப்புகளுக்கான 'வேல்யூஸ்-நைட்' கோப்புறையில் அதே நிறத்தின் வெளிறிய சாயலை முதன்மை நிறமாக எழுதுவதே முறையான தீர்வு. பெட்டியைத் திறந்த பிறகு 'கெட்பட்டன்' மூலம் பொத்தானைப் பிடித்து நிறம் மாற்றும் குறுக்குவழி பலருக்கும் தெரியும். அதை 'ஷோ' அழைப்புக்கு முன்பே செய்தால் பொத்தானுக்குப் பதில் வெறுமதிப்புதான் கிடைக்கும், செயலியும் நொறுங்கும். சரியான நேரத்தில் செய்தாலும் அந்த ஒரு பெட்டி மட்டுமே திருந்தும். அவசர வெளியீட்டுக்கு முதல்நாள் வேண்டுமானால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடியாதபோது, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் லேஅவுட் இன்ஸ்பெக்டரில் பெட்டியின் சாளரத்தைத் தேர்ந்து, மறைந்த எழுத்தைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். அதன் பண்புப் பட்டியலில் எழுத்து நிறத்தின் இறுதி மதிப்பையும், அது எந்த ஸ்டைலில் எழுதப்பட்டு எதனால் மேலெழுதப்பட்டது என்பதையும் காணலாம். கருவி இல்லாத இடத்தில் பழைய உத்தி ஒன்று கைகொடுக்கும்: சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு தீம் பண்புக்கும் சிவப்பு, பச்சை, ஊதா என்று கண்ணைக் குத்தும் வெவ்வேறு நிறங்களைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், எது எதற்குச் செல்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பெட்டி திறந்திருக்கும்போது டார்க் மோடு மாறினால் மட்டும் எழுத்து கெடுகிறது என்றால், செயலியின் மேனிஃபெஸ்ட் என்ற அறிவிப்புக் கோப்பில் அந்த ஆக்டிவிட்டி 'யுஐமோடு' மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறதா என்று பார்க்கவும். அப்படி அறிவித்தால் ஆக்டிவிட்டி புதிதாக உருவாக்கப்படாது. நிறங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழும்.

ஜெட்பேக் கம்போஸ்

ஆண்ட்ராய்டின் புதிய திரை அமைப்பு முறையான கம்போஸில் எழுத்துக்கு நிறம் குறிப்பிடாவிட்டால், அது சூழலில் உள்ள 'லோக்கல்கன்டென்ட்கலர்' மதிப்பை எடுத்துக்கொள்ளும். அந்த மதிப்பை மாற்றித் தருவது சர்ஃபேஸ் என்ற தளக் கூறு. வெறும் பின்னணி மாடிஃபையர் நிறத்தைப் பூசுமே தவிர, எழுத்து நிறத்தைத் தொடாது. ஆயத்தமான அலெர்ட்டயலாக் தனக்குள் சர்ஃபேஸை வைத்திருப்பதால் சிக்கல் குறைவு. வெறும் டயலாக் ஒன்றுக்குள் பெட்டி வரைந்து வெள்ளைப் பின்னணி பூசுபவர்களுக்குத்தான் வியப்பு காத்திருக்கிறது: அந்த டயலாக்கை எந்த இடத்திலிருந்து அழைத்தோமோ அந்த இடத்தின் எழுத்து நிறம் அதற்குள்ளும் தொடரும். மேற்பட்டையின் பொத்தானுக்குள்ளிருந்து அழைத்தால், பட்டையின் வெள்ளை எழுத்து நிறம் பெட்டிக்குள் வந்துவிடும். அதே பெட்டியைத் திரையின் உடற்பகுதியிலிருந்து அழைத்தால் நன்றாகவே தெரியும். உள்ளடக்கத்தைச் சர்ஃபேஸுக்குள் வைத்தால் இது தீரும். தீமில் இல்லாத நிறத்தைச் சர்ஃபேஸுக்குப் பின்னணியாகக் கொடுத்தால், அதற்குரிய எழுத்து நிறத்தை அதனால் ஊகிக்க முடியாது என்பதால், உள்ளடக்க நிறத்தையும் நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மெட்டீரியல் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளின் நூலகங்கள் கலந்திருக்கும் செயலிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டு நூலகங்களிலும் 'டெக்ஸ்ட்' என்ற ஒரே பெயரில் கூறு இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் தன் நூலகத்தின் உள்ளடக்க நிறத்தை மட்டுமே படிக்கும். மூன்றாம் பதிப்பின் பெட்டிக்குள் இரண்டாம் பதிப்பின் டெக்ஸ்ட் நுழைந்துவிட்டால், டார்க் மோடிலும் அது கறுப்பாகவே நிற்கும். நிரலைப் படித்தால் பிழை தெரியாது. இம்போர்ட் வரியில்தான் தெரியும்.

ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும்

கூகுளின் பல்தளச் செயலிக் கருவியான ஃப்ளட்டரில் சிவப்பு எழுத்தும் அதன் அடியில் மஞ்சள் இரட்டைக்கோடும் தெரிந்தால், அந்த எழுத்துக்கு மேலே மெட்டீரியல் விட்ஜெட் (திரைக் கூறு) எதுவும் இல்லை என்று பொருள். 'ஷோஜெனரல்டயலாக்' மூலம் வெறும் கன்டெய்னரைக் காட்டும்போது இது நேரும். கன்டெய்னரை மெட்டீரியலாலோ டயலாக்காலோ சூழ்ந்தால் போய்விடும். ஃப்ளட்டர் 3.16 பதிப்பிலிருந்து மெட்டீரியல் மூன்றாம் பதிப்பே இயல்பாகிவிட்டதால், பழைய செயலியை மேம்படுத்தியதும் பெட்டியின் பின்னணி மட்டும் மாறி, டெக்ஸ்ட்ஸ்டைலில் கையால் எழுதிய நிறம் மாறாமல் நிற்பதும் உண்டு. அந்த நிலையான நிறங்களை நீக்கிவிட்டு, கலர்ஸ்கீமின் 'சர்ஃபேஸ்', 'ஆன்சர்ஃபேஸ்' என்ற ஜோடியைப் பயன்படுத்த வேண்டும். பெட்டிகளுக்கென்று தனித் தோற்றம் வேண்டுமானால் டயலாக் தீமில் பின்னணி, தலைப்பு, உள்ளடக்கம் மூன்றையும் ஒருசேர எழுத வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் செயலி எழுதும் ரியாக்ட் நேட்டிவில் 'அலெர்ட்' என்பது கைபேசியின் சொந்தப் பெட்டி. ஆண்ட்ராய்டில் அதன் நிறங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கட்டுப்படா, ஆண்ட்ராய்டு கோப்புறையில் உள்ள ஸ்டைல் கோப்புக்கே கட்டுப்படும். மோடல் என்ற மேல்தோன்றும் கூறுக்குள் நாமே வரையும் பெட்டியில் அடிக்கடி கெடுவது உள்ளீட்டுப் பெட்டி: நிறம் குறிப்பிடாவிட்டால் அது ஆண்ட்ராய்டுத் தீமின் எழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே டார்க் மோடில் வெள்ளைப் பெட்டியில் வெள்ளை எழுத்தைத் தட்டச்சு செய்ய நேரும். எழுத்து நிறத்தையும் இடக்குறிப்பு எழுத்தின் நிறத்தையும் சேர்த்தே கொடுக்கவும். செயலிக்கு டார்க் மோடே இல்லையென்றால், ஸ்டைல் கோப்பில் டேநைட் தீமுக்குப் பதிலாக வெளிர் தீமை வைப்பது நேர்மையான முடிவு.

ஐஓஎஸ்

ஐஃபோனின் எச்சரிக்கைப் பெட்டியில் தலைப்பும் செய்தியும் அமைப்பின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அவை கெடுவது குறைவு. பொத்தான்கள் செயலியின் டின்ட் நிறத்தை (தொடக்கூடிய கூறுகளின் பொது நிறத்தை) பின்பற்றக்கூடியவை என்பதால், வழிசெலுத்தல் பட்டைக்காகச் சாளரம் முழுவதற்கும் வெள்ளை டின்ட் கொடுத்த செயலியில் பொத்தான்கள் மறைகின்றன. டின்டைப் பட்டைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அப்பியரன்ஸ் என்ற பொதுத் தோற்ற அமைப்பு வழியாக எல்லா லேபிள்களுக்கும் நிறம் கொடுக்கும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காகக் கைவிட வேண்டும். அது எங்கே போய்க் கசியும் என்று சொல்ல முடியாது. சொந்தமாக வரையும் பெட்டிகளில் 'லேபிள்', 'சிஸ்டம்பேக்ரவுண்ட்' போன்ற பயன்முறைக்கேற்ப மாறும் நிறங்களை ஜோடியாகப் பயன்படுத்தவும். லேயருக்குக் கொடுக்கும் சிஜிகலர் வகை நிறம் தானாக மாறாது; பயன்முறை மாறும்போது அதை மீண்டும் எழுத வேண்டும்.

நிறக் குறியீட்டிலேயே பிழை

மேற்கண்ட எதுவும் பொருந்தாவிட்டால், எழுதிய எண்ணையே பார்க்க வேண்டும். வலை முறையில் ஒளிபுகா அளவு (நிறத்தின் அடர்த்தி) குறியீட்டின் கடைசியில் வரும். ஆண்ட்ராய்டில் அது முதலில் வரும். வடிவமைப்பாளர் #33333380 என்று கொடுத்தால், அவர் கருதியது பாதி ஒளிபுகும் கரும்சாம்பல். ஆண்ட்ராய்டு அதை 20 சதவீதம் மட்டுமே அடர்த்தியுள்ள நீலச்சாயலாகப் படிக்கும். வெள்ளைப் பெட்டியில் அது இருப்பதே தெரியாது. ஃப்ளட்டரிலும் ஒளிபுகா அளவே முதலில் வர வேண்டும். அதை விட்டுவிட்டு ஆறு இலக்கங்களை மட்டும் எழுதினால் அளவு சுழியமாகி எழுத்து முற்றிலும் மறையும்.

ஒளிபுகும் எழுத்து நிறங்களில் பொதுவாகவே எனக்கு நம்பிக்கை குறைவு. 54 சதவீதக் கறுப்பு வெள்ளையின் மேல் 4.6:1 பெற்று ஒழுங்காக நிற்கும். பின்னணி சற்றே சாம்பலானதும் 4.5க்குக் கீழே சரிந்துவிடும், பிழை எங்கே என்று எண்ணைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

கைபேசியே நிறம் மாற்றும்போது

ஆண்ட்ராய்டு 10 பதிப்புடன் டார்க் மோடும், வெளிர்ச் செயலிகளை அமைப்பே இருட்டாக்கும் வசதியும் வந்தன. செயலி ஒப்புக்கொண்டால்தான் அந்த வசதி இயங்க வேண்டும் என்றாலும், டெவலப்பர் விருப்பங்களில் அதைக் கட்டாயமாக்கலாம். சில கைபேசிகள் தம் சொந்த அமைப்பிலும் கட்டாயப்படுத்துகின்றன. அப்போது பின்னணி இருண்டு, எழுத்து மட்டும் மாறாமல் நிற்க நேரலாம். தீமில் 'ஃபோர்ஸ்டார்க்அலோடு' பண்புக்கு மறுப்பு எழுதினால் அதை மதிக்கும் சாதனங்களில் சிக்கல் தீரும். மதிக்காதவற்றுக்கு முறையான டார்க் தீமை எழுதுவதே வழி.

செயலியைத் திருத்தும் நிலையில் இல்லாத பயனர், கைபேசியின் டார்க் மோடை அணைத்துப் பார்க்கலாம், அந்தச் செயலிக்கு மட்டும் இருட்டாக்கலை விலக்கும் வசதி இருந்தால் விலக்கலாம், ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்பில் உயர் கான்ட்ராஸ்ட் எழுத்தை இயக்கலாம். அதுவும் உதவாவிட்டால், எழுத்தை டாக்பேக் வாசிக்கக் கேட்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். உருவாக்கியவருக்குப் புகார் எழுதும்போது, இரண்டு பயன்முறைகளிலும் எடுத்த திரைப்பிடிப்புகளோடு கைபேசியின் மாதிரி, அமைப்பின் பதிப்பு, செயலியின் பதிப்பு ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், காரணம் மேலே சொன்னவற்றில் எது என்று அவர் பெரும்பாலும் அதிலிருந்தே ஊகித்துவிடுவார்.

திருத்திய பின் சோதிக்கும்போது, புகார் வந்த பெட்டியை மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. தீமைத் தொட்டிருந்தால் செயலியில் உள்ள எல்லாப் பெட்டிகளும், தேதி தேர்வுப் பெட்டி, கீழ்விரி பட்டியல், ஒற்றைத் தேர்வுப் பட்டியல் உட்பட, இரண்டு பயன்முறைகளிலும் திறந்து பார்க்கப்பட வேண்டும். முடக்கப்பட்ட பொத்தானின் மங்கல் நிறத்துக்குக் கான்ட்ராஸ்ட் விதி பொருந்தாது என்பதால் அதைப் பிழையாகக் குறிக்க வேண்டாம். ஆனால் அழுத்தக்கூடிய பொத்தான் முடக்கப்பட்டது போலத் தோன்றினால் அதைப் பிழையாகவே குறிக்கவும்.